நாலு டிராக், ஒரு கிணறு, ஒரு அக்கா

அக்கா மகன் நியூஜெர்சியிலிருந்து ஊருக்கு வரும்போது ஒரு பெட்டி முழுக்க அக்காவுக்கான சாமான்தான் இருக்கும். மூட்டுவலி மாத்திரை, பாதாம், அவள் சீட்டு எழுதி அனுப்பிய இன்னபிற. போன வருடம் தை மாதம் வந்தபோது அந்தப் பெட்டியில் இதெல்லாம் எதுவும் இல்லை. 23 கிலோ கணக்கில் பாதியை நான் சொல்லிவிட்டிருந்த மெஷின் தின்றுவிட்டது. மீதி இடத்தில் அதைச் சுற்றிய கம்பளியும் துண்டும். அக்கா இரண்டு மாதம் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. அந்த மெஷினோடு பதினாலு மாதம் குடும்பம் நடத்தியபின் எழுதுவது இது.

டாஸ்காம் போர்ட்டாஸ்டூடியோ 244. ஒரே உடம்பில் ஒரு கேசட் டெக்கும் நாலு சானல் மிக்ஸரும். டாஸ்காமின் தாய்க் கம்பெனியான ஜப்பானின் டியாக் 1979-ல் 144 என்ற மாடலைக் கொண்டுவந்தது. கடையில் வாங்குகிற சாதாரணக் கேசட்டில் நாலு டிராக், அதாவது தனித்தனியாகப் பதிந்து பிறகு சேர்த்துக் கேட்கும் நாலு தடம், பதியும் முதல் மெஷின் அதுதான். ஆனால் அதில் ஒரு நேரத்தில் இரண்டு டிராக்தான் பதிய முடியும். எண்பதுகளின் தொடக்கத்தில் வந்த 244-ல் நாலையும் ஒன்றாகப் பதியலாம். அமெரிக்கப் பாடகர் புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன் 1982-ல் வெளியிட்ட ஒரு முழு ஆல்பமே, அவர் நியூஜெர்சி வீட்டில் 144-ல் மாதிரிக்காகப் பதிந்து வைத்த கேசட்தான் என்று மருமகன் சொன்னான். ஸ்டூடியோவில் திரும்பப் பதிந்து பார்த்திருக்கிறார்கள், கேசட்டில் இருந்தது வரவில்லையாம். நான் இதை வாங்கிய காரணம் அவரில்லை. எனக்கு அதைவிடப் பழைய பைத்தியம் ஒன்று உண்டு.

1983-லிருந்து மூன்று வருடம், பாலிடெக்னிக் படித்துக்கொண்டே கும்பகோணத்தில் ஒரு ரெக்கார்டிங் சென்டரில் மாலை வேலை பார்த்தேன். அந்தக் காலத்து ஆட்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வாடிக்கையாளர் ஒரு நோட்டுத் தாளில் பன்னிரண்டு பாட்டு எழுதிக்கொண்டு வருவார், காலிக் கேசட்டை நாமே கொடுப்போம், இசைத்தட்டிலிருந்து ஏற்றித் தருவோம். ஒரு பக்கம் முப்பது நிமிடத்தில் ஆறு பாட்டு அடங்குமா என்று மனக்கணக்குப் போடுவதில் நான் கெட்டிக்காரன். ஆறாவது பாட்டு சரணத்தில் அறுந்தால் வாடிக்கையாளர் திரும்ப வந்து நிற்பார். கடையை மூடும்போது முதலாளி கடைசி இரண்டு மாதச் சம்பளத்துக்குப் பதிலாக ஒரு பெட்டி டி.டி.கே. எஸ்.ஏ. 90 கேசட் கொடுத்தார். மொத்தம் 20. வாங்கும்போது வயிறு எரிந்தது. அதற்கப்புறம் மின்வாரிய வேலை, கல்யாணம், பிள்ளைகள், ஓய்வு. பீரோவின் அடித்தட்டில் அந்தப் பெட்டி பிரிக்காமலே கிடந்தது. அதைப் பிரிக்க ஒரு சாக்கு வேண்டும் என்றுதான் மெஷின் தேடினேன். உண்மை அதுதான்.

விற்றவர் "நன்றாக ஓடுகிறது" என்று எழுதியிருந்தார். விளக்கு எரிந்தது, மீட்டர் துள்ளியது, கேசட் மட்டும் சுற்றவில்லை. எங்கள் பக்கத்து ரேடியோ மெக்கானிக்குக் கிட்டத்தட்ட எண்பது வயது. வால்வு செட் காலத்து ஆள். அடிமூடியைக் கழற்றிவிட்டு விரலை உள்ளே விட்டு எடுத்துக் காட்டினார். கறுப்பாக இழை இழையாக வந்தது. "சார், இது பெல்ட் இல்ல. தார்."

பழைய டெக் வாங்குகிற எல்லோரும் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது இது. எண்பதுகளின் ஜப்பான் டெக்குகள் பலவற்றில் இருந்த ரப்பர் பெல்ட் ஓடினாலும் ஓடாவிட்டாலும் நாளாவட்டத்தில் உருகிக் குழம்பாகிவிடும். அதைத் துடைத்து எடுப்பது தனி வேலை. ஐசோபுரோப்பைல் ஆல்கஹால், பழைய பனியன் துணி, பல்குச்சி, இரண்டு நாள். விரலில் ஒட்டிய கறை ஒரு வாரம் போகவில்லை. அதோடு வேட்டியைத் தொட்டுத் தொலைத்தேன்.

புது பெல்ட்டுக்குச் சென்னை ரிச்சி தெருவில் ஏறி இறங்கினேன். ஒரு கடையில் "எல்லாத்துக்கும் இதுதான் சார்" என்று ஒரு கொத்து பெல்ட்டைக் கொடுத்தார்கள். மாட்டினால் ஓடியது. ஆனால் சுருதிப்பெட்டியைப் பதிந்து கேட்டால் ஊஞ்சலில் உட்கார்ந்து வாசித்தது போல அலைந்தது. சுற்றளவு சரியாக இருந்து தடிமன் மாறினால்கூட இப்படித்தான். தட்டைப் பெல்ட் இருக்க வேண்டிய இடத்தில் சதுரப் பெல்ட் போட்டிருந்தோம். கடைசியில் இந்த மாடலுக்கென்றே வெட்டிய பெல்ட் செட்டை மருமகன் தபாலில் அனுப்பினான். நாப்களில் கரகரப்பு இருந்தது, ஸ்பிரே அடித்துத் திருகித் திருகியே போய்விட்டது. பவர் சப்ளைப் பக்கத்து மின்தேக்கிகளில் நாலைந்தை மெக்கானிக் மாற்றினார். நாடாவை அழுத்தி இழுக்கும் ரப்பர் உருளையான பிஞ்ச் ரோலரை மட்டும் ஆல்கஹாலில் ஊற வைக்காதீர்கள். ரப்பர் வறண்டு வெடித்துவிடும். ஈரத்துணியால் துடைத்தாலே போதும்.

அடுத்தது கரண்டு. அது என் இலாகா என்று நினைத்தேன்.

மெஷின் அமெரிக்க மாடல், 120 வோல்ட். நம் வீட்டில் 230. ஒரு ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வாங்கி மேசையில் மெஷினுக்குப் பக்கத்திலேயே வைத்தேன். மோட்டார் டி.சி. என்பதால் அவர்களுடைய 60 ஹெர்ட்ஸ், நம்முடைய 50 என்ற வித்தியாசம் வேகத்தைத் தொடாது. ஆனால் ஹெட்ஃபோனை மாட்டினால் 'ம்ம்ம்' என்று ஒரே ரீங்காரம். முப்பத்து மூன்று வருடம் ஊருக்கு 50 ஹெர்ட்ஸ் கொடுத்தவன், அதை ஒரு அறையிலிருந்து துரத்த மூன்று வாரம் படாதபாடு பட்டேன்.

மூன்று காரணங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக இருந்தன. முதலாவது அந்த டிரான்ஸ்ஃபார்மரேதான். அதன் காந்தப்புலத்தை, நாடாவைப் படிக்கும் மெஷினின் ஹெட் அப்படியே பிடிக்கிறது. ஆறடி தள்ளித் தரையில் வைத்ததும் பாதி போயிற்று. இரண்டாவது, லேப்டாப் சார்ஜர். மெஷினிலிருந்து கம்ப்யூட்டருக்கு வயர் போட்டதும் எர்த் இரண்டு வழியாகச் சுற்றி வளையமாகிவிடுகிறது. சார்ஜரைப் பிடுங்கி பேட்டரியில் ஓட்டினால் நிசப்தம். மூன்றாவதைக் கண்டுபிடிக்கத்தான் நாளானது. 'ம்ம்ம்' போன பிறகும் 'ஜ்ஜ்ஜ்' என்று ஒன்று இருந்தது. ஃபேன் ரெகுலேட்டர்! புதுசாக மாட்டிய எலக்ட்ரானிக் ரெகுலேட்டர் ஒவ்வொரு அரைச் சுழற்சியிலும் கரண்டை வெட்டி வெட்டி விடுகிறது, அந்த வெட்டு வீட்டு வயரிங் முழுக்கப் பரவுகிறது. பழைய பெட்டி ரெகுலேட்டர் சூடாகும், ஆனால் சத்தம் போடாது. இப்போது பதிவு நேரத்தில் ஃபேனே கிடையாது. சித்திரை மாதத்தில் மாடி அறையில் ஃபேன் இல்லாமல் மூன்று பேர் உட்கார்ந்து பாடுவதைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். எங்கள் பதிவுகளில் முதல் டேக் எல்லாம் நன்றாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

எர்த் குழியைத் தோண்டி உப்பும் கரியும் புதுசாகப் போட்டேன். ஹம் குறைந்ததா தெரியாது, வீட்டுக்கு நல்லது.

அறை பத்துக்குப் பன்னிரண்டு அடி. கை தட்டினால் 'ட்ர்ர்' என்று சுவருக்குச் சுவர் பந்தாடும். முட்டை அட்டை ஒட்டச் சொன்ன சொந்தக்காரர்கள் ஒரு கூட்டமே இருக்கிறார்கள். அது மேல்சுர எதிரொலியைக் கொஞ்சம் தொடும், மற்றபடி எலிக்குத்தான் கொண்டாட்டம். கனமான பஞ்சுதான் வேலை செய்யும். பரணில் கிடந்த மூன்று இலவம்பஞ்சு மெத்தைகளைச் சுவரோடு நிறுத்தினேன். தரைக்குப் பவானி ஜமுக்காளம், ஒரு மூலையில் புத்தக அலமாரி. கை தட்டல் செத்துவிட்டது. அடிச்சுரம் சாகவில்லை. பன்னிரண்டு அடி நீளத்துக்கு அந்த அறை தானாக முழங்கும் சுரம் 47 ஹெர்ட்ஸ் பக்கம் வருகிறது. மின்வாரியத்தின் 50-க்கு அடுத்த வீடு. மூலையில் போய் நின்றால் மிச்சம் மீதி ஹம் எல்லாம் அங்கே கூடிப் பேசிக்கொண்டிருக்கும். அதனால் மைக்கை மூலைப்பக்கம் கொண்டுபோவதே இல்லை.

மைக் விஷயத்தில் நான் அதிகம் தேடவில்லை. ஷூர் எஸ்.எம். 57 இரண்டு. 1965-லிருந்து இன்றுவரை வந்துகொண்டிருக்கும் மைக், கீழே விழுந்தாலும் சாகாது. இந்த மெஷினில் கண்டென்சர் மைக்குக்கு வேண்டிய 48 வோல்ட் கிடையாது, உள்ளே போகும் துளையும் கிட்டாருக்குப் போடுகிற கால் அங்குல ஜாக்தான். அதனால் மைக் வயருக்கு இடையில் ஒரு சின்ன டிரான்ஸ்ஃபார்மர் பிளக் போட வேண்டும். அது இல்லாமலும் ஓடும், ஆனால் சத்தம் மெலிந்து, இரைச்சல் பெரிதாகத் தெரியும்.

இனி டேப். கேசட்டின் நாடா அகலம் நாலு மில்லிமீட்டர்கூட வராது. சாதாரண டெக் அதில் இந்தப் பக்கம் இரண்டு, திருப்பிப் போட்டால் அந்தப் பக்கம் இரண்டு என்று நாலு கோடு போடும். 244 நாலையும் ஒரே திசையில் எடுத்துக்கொள்கிறது. திருப்பிப் போட்டால் எல்லாம் பின்னோக்கிக் கேட்கும். அதோடு நொடிக்கு 4.8 சென்டிமீட்டருக்குப் பதில் 9.5 வேகம். ஆகவே 90 கேசட் என்பது இங்கே இருபத்திரண்டரை நிமிடம். ரெக்கார்டிங் சென்டர் மனக்கணக்கு இப்போது வேறு மாதிரி உதவுகிறது. 120 கேசட் பக்கமே போகாதீர்கள். நாடா மெல்லிசு, சுருட்டிக்கொள்ளும்.

சம்பளத்துக்குப் பதில் வந்த இருபதில் மூன்றில் வெள்ளைப் பூஞ்சை. காவிரிப் படுகையில் காற்றே ஈரம். இரண்டில், ஹெட்டோடு நாடாவை அழுத்திப் பிடிக்கும் சின்னப் பஞ்சுத் துண்டு பசை காய்ந்து உதிர்ந்திருந்தது. அதை வேறு கேசட்டிலிருந்து எடுத்து ஒட்டிக்கொள்ளலாம். பூஞ்சை பிடித்ததை மெஷினுக்குள் விடக்கூடாது, மற்ற கேசட்டுக்கும் பரவும். மீதி பதினைந்தும், நாற்பது வருடம் தூங்கி எழுந்தவை மாதிரியே இல்லை. இப்போது அவற்றைப் பழைய ஹார்லிக்ஸ் பாட்டில்களில், சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு போட்டு வைத்திருக்கிறேன். புதுக் கேசட் வாங்கலாமே என்பீர்கள். பிரான்ஸில் புதிதாகச் செய்து விற்கிறார்கள், ஒன்று வாங்கியும் பார்த்தேன். அது டைப் ஒன்று, சாதாரண ஃபெர்ரிக். இந்த மெஷின் டைப் இரண்டுக்காகச் சீர் செய்யப்பட்டது. மேல்சுரம் மங்குகிறது. அதோடு இதில் இருக்கும் டி.பி.எக்ஸ். இரைச்சல் நீக்கி அந்தத் தப்பை இரண்டு மடங்காக்கிவிடும்.

டி.பி.எக்ஸ். பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், இந்த மெஷினின் நல்லதும் கெட்டதும் அதில்தான் இருக்கிறது. பதியும்போது சத்தத்தின் ஏற்ற இறக்கத்தைப் பாதியாகச் சுருக்கும், திரும்பக் கேட்கும்போது இரண்டு மடங்காக விரிக்கும். விரிக்கும்போது நாடாவின் 'ஸ்ஸ்' இரைச்சல் பள்ளத்தில் போய் விழுந்துவிடும். சுமார் 30 டெசிபல் வித்தியாசம், முதல்தடவை கேட்டபோது மெஷின் நின்றுவிட்டதோ என்று எட்டிப் பார்த்தேன். நாடாவில் 3 டெசிபல் குறைந்தால் விரிப்பில் அது 6 ஆகிவிடும் என்பது அதன் மறுபக்கம். ஹெட்டில் கொஞ்சம் அழுக்கு படிந்தாலே தெரியும். ஒவ்வொரு பதிவுக்கு முன்னும் ஹெட்டைத் துடைப்பது பூஜை மாதிரி ஆகிவிட்டது. தனித்து அடிக்கும் அடிச்சுர வாத்தியத்துக்கு இது சரிப்படாது. ஒவ்வொரு அடியோடும் இரைச்சல் மேலே வந்து மூச்சு விட்டுப் போகும்.

இதைத் தவிலில் கற்றுக்கொண்டேன்.

எங்கள் தெருக்கோடியில் ஒரு நாகஸ்வர வித்வான் இருக்கிறார். வாத்தியம் நரசிங்கம்பேட்டையில் செய்தது, ஆச்சா மரம். புவிசார் குறியீடு கிடைத்த வருடம் அந்த வாத்தியத்தைத் தூக்கிக்கொண்டு தெரு முழுக்கக் காட்டினார். நாகஸ்வரம், தவில், தாளம், சுருதிப்பெட்டி: நாலு பேர், நாலு டிராக். கடவுளே எனக்காகப் பங்கு பிரித்துக் கொடுத்த மாதிரி இருந்தது. ஒருவர் பின் ஒருவராகப் பதியலாம் என்று திட்டம். முதலில் நாகஸ்வரம், பிறகு அதை ஹெட்ஃபோனில் கேட்டுக்கொண்டே தவில்.

வித்வான் ஹெட்ஃபோனைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "தம்பி, இத மாட்டிக்கிட்டு நான் யாரப் பாத்து வாசிக்கிறது?"

நியாயம்தான். தவில்காரர் எங்கே ஒரு கோர்வையை எடுப்பார் என்று அவர் கண்ணைப் பார்த்துத்தான் இவர் ராகத்தை முடிப்பார். பதிந்து வைத்ததற்கு வாசிக்கச் சொன்னால் தவில்காரர் பாவம், காலிச் சுவரைப் பார்த்துத் தலையாட்டிக்கொண்டிருந்தார். சரி, எல்லோரும் ஒன்றாகவே வாசிக்கட்டும், இன்னும் இரண்டு மைக் இரவல் வாங்கி நாலு மைக் வைக்கலாம் என்று பார்த்தேன். பத்துக்குப் பன்னிரண்டு அறையில் நாகஸ்வரத்தை ஊதினால் நாலு மைக்கிலும் நாகஸ்வரம்தான். பக்கத்து வீட்டிலிருந்து ஆள் வந்துவிட்டார், கல்யாணமா என்று.

கடைசியில் கீழே முற்றத்தில், பன்னிரண்டு அடி தள்ளி இரண்டே மைக் வைத்து இரண்டு டிராக்கில் பதிந்தேன். நாலில் பாதி மெஷினுக்கு வேலையே இல்லை. ஆனால் அந்தப் பதிவில்தான் நாடாவின் குணம் தெரிந்தது. நாகஸ்வரம் உச்சிக்குப் போகும்போது மீட்டர் சிவப்பில் முட்டியது. கம்ப்யூட்டரில் அப்படி முட்டியிருந்தால் சத்தம் கண்ணாடி உடைந்தது போல் வெட்டியிருக்கும். நாடா வெட்டுவதில்லை, அமுக்கி வாங்கிக்கொள்கிறது. ஓலைக்கொட்டகைக்கு வெளியே நின்று கேட்கிற நாகஸ்வரம் போல் இருந்தது. இதைத்தான் வெளிநாட்டுக்காரர்கள் 'வெதுவெதுப்பு' என்று விற்கிறார்கள். மெதுவாகப் பாடுகிற குரலில் அந்த வெதுவெதுப்பை நான் எவ்வளவு தேடியும் காணவில்லை. அங்கே கேட்பதெல்லாம் மைக்கும் மெத்தையும்தான். வேகத்தைக் கொஞ்சம் கூட்டிக் குறைக்கும் நாப் ஒன்று இருக்கிறது, அதற்கு மட்டும் தனியாக ஒரு கும்பிடு. நாகஸ்வரத்தின் சுருதி அதன் உடம்பிலேயே இருக்கிறது, ஆர்மோனியத்துக்கு இறங்கி வராது. அப்புறம் மூன்றாவது டிராக்கில் ஆர்மோனியம் சேர்க்க நினைத்தபோது நாடாவையே கால் சுரம் இறக்கிவிட்டேன்.

எதிரொலிக்கு ஒரு ரோலண்ட் ஸ்பேஸ் எக்கோ வாங்க ஆசை. 1974-ல் வந்த பெட்டி, உள்ளே ஒரு நாடா வளையமாக ஓடும், மூன்று ஹெட்டில் அடுத்தடுத்துப் படித்து எதிரொலி உண்டாக்கும். விலையைக் கேட்டுவிட்டுக் கொல்லைப்பக்கம் போய் நின்றேன். கிணறு கண்ணில் பட்டது.

சிரிக்காதீர்கள். பெரிய ஸ்டூடியோக்களே ஒரு காலத்தில் வெறும் அறையில் ஸ்பீக்கரும் மைக்கும் வைத்துத்தான் எதிரொலி எடுத்தார்கள். மெஷினிலிருந்து குரலை மட்டும் ஒரு பழைய அகுஜா ஆம்ப்ளிஃபையருக்கு அனுப்பினேன். ஸ்பீக்கரை வாளிக் கயிற்றில் கட்டி, வாய் கீழே பார்க்கக் கைப்பிடிச் சுவருக்குச் சற்றுக் கீழே தொங்கவிட்டேன். மேலே ஒரு மைக், அதைக் கம்ப்யூட்டரில் தனியாகப் பதிந்துகொண்டேன். மே மாதத்தில் தண்ணீர் 27 அடியில் கிடந்தது. சத்தம் போய்த் தண்ணீரில் பட்டுத் திரும்ப ஏறக்குறைய 47 மில்லிசெகண்ட். வட்டமான செங்கல் சுவரில் அது சுழன்று சுழன்று வரும் அழகைப் பெட்டிக்குள் அடைத்து விற்க முடியாது. மேட்டூர் திறந்து ஆற்றில் தண்ணீர் வந்த பிறகு, ஆடி கடைசியில் அதே பாட்டை மறுபடி போட்டுப் பார்த்தேன். தண்ணீர் 12 அடிக்கு ஏறியிருந்தது. எதிரொலி பாதிக்கும் கீழே சுருங்கிவிட்டது. என் ஸ்டூடியோவில் எதிரொலி நாப்பைத் திருகுவது நீர்வளத் துறை.

செலவு கேட்பீர்கள். மெஷினுக்கு 450 டாலர், பெல்ட், மின்தேக்கி, மெக்கானிக் கூலி எல்லாம் சேர்த்து ஒன்பதாயிரம் ரூபாய், டிரான்ஸ்ஃபார்மர் 1,800, மைக் இரண்டும் வேறு. இந்தப் பணத்தில் பாதிக்குக் குறைவாக மைக்கைக் கம்ப்யூட்டரோடு இணைக்கும் ஒரு நல்ல ஆடியோ இன்டர்ஃபேஸ் வாங்கிக் கம்ப்யூட்டரில் பதிந்தால் இரைச்சல் குறைவு, டிராக்குக்கு எல்லை இல்லை, பெல்ட் உருகாது. அளவுகோலை வைத்து அளந்தால் 244 எதிலும் ஜெயிக்காது. ஸ்குரூ டிரைவர் பிடிக்கத் தெரியாதவர்கள், பக்கத்தில் பழைய மெக்கானிக் இல்லாதவர்கள், அடுத்த மாதம் யாருக்கோ பாட்டு முடித்துக் கொடுக்க வேண்டியவர்கள் வாங்கவே வாங்காதீர்கள். கேசட் இல்லாமல் சக்கரத்தில் நாடா ஓடும் ஸ்பூல் மெஷின் ஆசை இருந்தால் அது இதைவிடப் பெரிய பள்ளம். எழுபது எண்பதுகளின் ஸ்பூல் நாடாக்களில் சில, நம் ஈரத்துக்கு ஒட்டிக்கொண்டு ஹெட்டில் பிசினாக வழியும்.

நான் விற்காமல் வைத்திருப்பது அக்காவால்.

பங்குனியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பேசுவதில்லை என்ற கோபத்தையும் தூக்கிக்கொண்டு படியேறி வந்தாள். அப்படி என்னதான் பெட்டி அது என்று பார்க்க. அவளுக்கு அறுபத்தாறு வயது. எங்கள் அம்மாவின் ஊஞ்சல் பாட்டு, நலங்குப் பாட்டு, தாலாட்டு எல்லாம் இப்போது அவள் ஒருத்திக்குத்தான் தெரியும். மைக்கைக் காட்டினேன். அதெல்லாம் வேண்டாம் என்றாள். ஆர்மோனியத்தை நான் எடுத்ததும், கட்டை சரியில்லை, ஒன்று குறை என்றாள். வந்துவிட்டாள் என்று தெரிந்துகொண்டேன்.

முதல் டிராக்கில் சுருதிப்பெட்டி, இரண்டாவதில் ஆர்மோனியம், மூன்றாவதில் அக்கா. தாலாட்டு ஏழு நிமிடம், நடுவில் ஒரு இடத்தில் அம்மா பேர் வரும், அங்கே கொஞ்சம் நின்று போனாள். ஹெட்ஃபோனில் திரும்பக் கேட்டாள். ஒன்றும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "இத வெச்சுக்கிட்டே நான் மேல இன்னொரு தடவ பாடலாமா? அம்மாவும் பெரியம்மாவும் சேந்து பாடுற மாதிரி?" என்றாள்.

பாடலாம். ஆனால் அதற்கு முன் மூன்று டிராக்கையும் கலந்து நாலாவதில் ஏற்ற வேண்டும், அப்போதுதான் மூன்று காலியாகும். எது எவ்வளவு என்பதை அப்போதே முடிவு செய்ய வேண்டும், பின்னால் பிரிக்க முடியாது. கம்ப்யூட்டரில் இந்தக் கவலையே இல்லை, எல்லாவற்றையும் வைத்துக்கொண்டு முடிவைத் தள்ளிப் போட்டுக்கொண்டே போகலாம். என் பேத்தியின் லேப்டாப்பில் அப்படி முடியாத பாட்டு நாற்பது இருக்கிறது. நானும் அக்காவும் கலவையை ஐந்து தடவை ஒத்திகை பார்த்தோம். அவள் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் ஃபேடரில் விரலை வைத்து, ஆர்மோனியத்தை இரண்டாம் அடியில் இறக்கச் சொன்னாள். குழம்புக்கு உப்புச் சொல்வது போல்தான் சொன்னாள், சரியாக இருந்தது. ஆறாவது தடவை பதிவு பொத்தானை அழுத்தினேன். முடிந்ததும் பழைய மூன்றின் மேல் அவள் இரண்டாவது குரலை ஏற்ற வேண்டும்.

"அப்ப நான் மொதல்ல பாடினது?"

"அது நாலாவதுல இருக்கு. இதுல அழிஞ்சிடும்."

"அழிச்சிருவியா?"

"கலந்தது இருக்குல்ல."

கொஞ்சம் யோசித்தாள். "சரி. அழி."

இரண்டாம் குரல் மூன்று டேக் எடுத்தது. முதல் குரல் எங்கே மூச்சு விடும், எங்கே நிற்கும் என்று மனப்பாடம் செய்துகொண்டு பாடினாள். நாலாவது டிராக்கைக் கொஞ்சம் இறக்கி இரண்டையும் சேர்த்துக் கேட்டபோது முழுசாக ஒத்துப்போகவில்லை. அம்மா பேர் வரும் இடத்தில் ஒருத்தி நிற்க, இன்னொருத்தி தாண்டிப் போய்விட்டாள். திருத்தலாமா என்று கேட்டேன். பெரியம்மா எப்பவும் அவசரக்காரிதான், இருக்கட்டும் என்றாள்.

இதுவரை பதினோரு பாட்டு ஆகியிருக்கிறது. பெல்ட்டில் லேசாக வழுக்கல் ஆரம்பித்திருக்கிறது, போன வாரம் ஊஞ்சல் பாட்டு உண்மையாகவே ஊஞ்சலாடியது. மருமகன் தீபாவளிக்கு வருகிறான். அக்கா வழக்கம்போலச் சீட்டு எழுதிக்கொண்டிருந்தாள், எட்டிப் பார்த்தேன். மூட்டுவலி மாத்திரை இரண்டு டப்பா, பாதாம் ஒரு கிலோ. மூன்றாவது வரியில் பேனாவை வைத்துக்கொண்டு கேட்டாள், "அந்த பெல்ட்டு பேரு என்னடா, சரியாச் சொல்லு. போன தடவ நீ வாங்கின மாதிரி தப்பா வாங்கிட்டு வந்துரப் போறான்."